இருளாயியின் பிடிமண்

மத்தியானத்தில் இருளாயி புளி தட்ட உட்கார்ந்துவிட்டால், பக்கத்தில் இடி விழுந்தாலும் அவளுக்குக் கேட்காது. கை பாட்டுக்குத் தட்டும். கொட்டை ஒரு பக்கம், சதை ஒரு பக்கம் என்று சேரும். மனம் மட்டும் எழுந்து கண்மாய்க் கரைக்குப் போய்விடும். மற்றவர்களுக்குத் தூங்கினால்தான் கனவு வரும். இவளுக்குத் தூக்கத்தில் ஒன்றும் வராது. கை வேலையாக இருக்கும்போதுதான் வரும்.

கனவில் வருவது கண்மாய்க் கரை அய்யனாரின் மண்குதிரைகள். போன தடவை எடுத்தவை முன்வரிசையில் சிவப்பாக நிற்கும். அதற்கு முந்தியவை காது உடைந்து பின்னால் நிற்கும். அதற்கும் முந்தியவை இடுப்பு வரைக்கும் மண்ணுக்குள் போயிருக்கும். வெயில் உச்சிக்கு வந்து நிழலெல்லாம் காலடியில் ஒடுங்கும் நேரத்தில், அவை ஒவ்வொன்றாக உடம்பை உதறிக்கொண்டு தண்ணீர் குடிக்க இறங்கும். இருளாயியும் கூடவே போவாள். நடந்து இல்லை. நிஜத்தில் எப்படிப் போவாளோ அப்படித்தான்: இரண்டு கையிலும் வேப்பங்கட்டையைப் பிடித்து, தரையில் ஊன்றி, உட்கார்ந்தபடியே நகர்ந்து. குதிரைகள் அவளுக்காக மெதுவாகப் போகும். தண்ணீரில் மூக்கை வைத்து அவை உறிஞ்சும்போது கண்மாய் முழுவதும் வளையம் வளையமாக விரியும். அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"கனவுல நீ நடப்பியா, இருளு?" என்று ராசாத்தி ஒரு தடவை கேட்டாள். ராசாத்தி, இருளாயியின் பெரியப்பா மகன் சேவுகனுக்கு வாழ்க்கைப்பட்டவள்.

"எதுக்கு மதினி? அங்க யாருக்கும் அவசரம் இல்லையே."

ராசாத்திக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இருளாயிக்கு எரிச்சல் வந்தது. அழுகிறதற்கு இதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குக் கடைசி வரை விளங்கவில்லை.

சின்னப் பிள்ளையாக இருந்தபோது வந்த காய்ச்சல் இரண்டு காலையும் வாங்கிக்கொண்டு போனது. அப்பனும் ஆத்தாளும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அவர்கள் விட்டுப்போன கூரைவீட்டில் இருளாயி தனியாகத்தான் இருந்தாள். ஊரார் புளியைக் கொண்டுவந்து போடுவார்கள். தட்டிக் கொடுத்தால் கூலிக்கு நெல்லோ வரகோ அளப்பார்கள். அதைக் குத்திப் புடைத்து, தன் அடுப்பில், தனக்கு வேண்டிய பக்குவத்தில் ஆக்கித் தின்பாள். உறைப்பு கொஞ்சம் தூக்கலாக வேண்டும் அவளுக்கு. அவள் தாளித்தால் தெருவே தும்மும். முப்பது வயதைத் தாண்டிய ஒருத்திக்கு இதைவிட வேறென்ன ராஜாங்கம் வேண்டிக்கிடக்கிறது?

ஆனால் ஊர் அதை ஒரு வீடாக நினைக்கவில்லை. ஊரின் கணக்கு வேறு.

அய்யனாருக்குப் புரவி எடுப்பதென்றால், குதிரை செய்யச் சொல்லி முதலில் பானை வனைகிற வேளாரிடம் பிடிமண் கொடுக்க வேண்டும். கண்மாய் மண்ணில் வீட்டுக்கு ஒரு கைப்பிடி. அந்தக் கை கல்யாணமான ஆண்பிள்ளையின் கையாக இருக்க வேண்டும். அப்படி மண் போட்ட வீட்டுக்குத்தான் தலைக்கட்டு என்று பெயர். தலைக்கட்டு வீட்டாரிடம்தான் ஊர் வரி வாங்கும், கண்மாய் வேலைக்கு ஆள் கேட்கும், கூட்டத்தில் அபிப்பிராயம் கேட்கும். மரம் விழுந்து ஒரு காலை இழந்த நாகராசுகூடத் தலைக்கட்டுத்தான். அவனால் குனிய முடியாது என்பதால் அவன் பெண்டாட்டி மண்ணை அள்ளி அவன் கையில் வைப்பாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அவன் போடுவான். கால் போனதை ஊர் பெரிசுபடுத்தவில்லை. அதுதான் பெண்டாட்டி இருக்கிறாளே.

இருளாயிக்கு வேறொரு வேலை வைத்திருந்தார்கள். பிடிமண் அன்றைக்கு, யாரும் மண்ணைத் தொடுவதற்கு முன்னால், ஊரில் கதியில்லாத ஒரு வயிறு குளிர வேண்டும். அதற்கு முதல் கஞ்சி என்று பெயர். ஊர்த்தலைவர் திருப்பதி அம்பலம் தம் கையால் பனையோலைப் பட்டையில் ஊற்றுவார். இருளாயி குடித்துவிட்டு, "ஊரு நெறையட்டும்" என்று சொல்ல வேண்டும். அவள் சொன்ன பிறகுதான் மண். தலைக்கட்டு வீட்டார் யாரும் அந்தக் கஞ்சியை வாயில் வைக்கக் கூடாது. பாவாடை கட்டிய காலத்திலிருந்து இருளாயிதான் குடித்துவந்தாள். ஊரே தன் வாயைப் பார்த்து நிற்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்று சொன்னால் பொய்யில்லை.

அது சண்டைக்காலம். பர்மா அரிசி வரத்து நின்றுபோய், சமஸ்தானத்தில் அரிசிக்குப் பங்கீடு வந்தது. பங்குனி மாதத்தில் ஒரு மத்தியானம் புதுக்கோட்டையிலிருந்து சப்ளை ஆபீசர் ஒருவர் வந்து சாவடிப் புளியமரத்தடியில் இறங்கினார். வண்டிப் புழுதி அவர் மீசை வரைக்கும் ஏறியிருந்தது. தங்கமான மனுஷர்தான். வெயில்தான் தாங்காது அவருக்கு.

"ஒவ்வொரு அடுப்புக்கும் ஒரு கார்டுன்னு உத்தரவு. இந்த ஊர்ல எத்தனை அடுப்பு எரியுது?" என்று அம்பலத்திடம் கேட்டார்.

அம்பலம் வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். "அடுப்படி பொம்பளைக பொழங்குற எடம். வீடு வீடா எட்டிப்பாக்க முடியுங்களா? பிடிமண் போட்ட வீடு எத்தனையோ அத்தனைதான் ஊரு. அதையே எழுதிக்கங்க."

ஆபீசர் கொதிக்கிற தெருவை ஒரு தடவை பார்த்தார். வீடு வீடாக அலைய வேண்டாம் என்றதும் அவருக்கு உயிர் வந்தது. எழுதிக்கொண்டார்.

அதே மரத்தின் மறுபக்கம் இருளாயி புளி தட்டிக்கொண்டிருந்தாள். குதிரைகள் தண்ணீரில் இறங்கிவிட்டிருந்தன. அடுப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் அவை நின்று திரும்பிப் பார்த்தன. அவளும் திரும்பினாள்.

"அய்யா, என் அடுப்பு?" என்றாள்.

அம்பலம் வாய்விட்டுச் சிரித்தார். அன்பான சிரிப்பு. "ஒனக்கென்ன ஆத்தா கவலை? சேவுகன் வீட்டோட ஒன் பேரச் சேத்தாச்சு. கையை ஊண்டிக்கிட்டுக் கெடந்து அடுப்புல வேகணும்னு ஒனக்கென்ன தலையெழுத்தா?"

"ஆமாம்மா, ஒண்டியாக் கஷ்டப்படாதீங்க. அண்ணன் பொறுப்பாப் பாத்துக்குவார்," என்றார் ஆபீசர்.

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். நல்லவர்கள்தான். கெட்டவர்களோடு மல்லுக்கு நிற்கலாம். நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டால் தப்பிப்பதுதான் பெரும்பாடு.

ஆபீசருக்கு அந்தக் கணக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்தடுத்த ஊர்களிலும் மரத்தடியிலேயே உட்கார்ந்து, "உங்க ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு எத்தனை?" என்று கேட்டார். எல்லா ஊரிலும் ஓர் அம்பலமோ நாட்டாமையோ இருந்தார். எல்லாரும் சட்டென்று பதில் சொன்னார்கள். கொஞ்ச நாளில் சமஸ்தான தர்பாரிலிருந்தே உத்தரவு வந்துவிட்டது: ஊர் வழக்கப்படி தலைக்கட்டுக்கு ஒரு கார்டு. அடுப்பு என்ற சொல் அதில் இல்லை. மத்தியான வெயிலில் வெற்றிலை மென்றுகொண்டே பேசிய பேச்சு சட்டமாகிப்போனது. இதை நினைத்தால் வயிறு எரியத்தான் செய்கிறது.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ராசாத்தி கும்பாவில் சோறும் கீரையும் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு சோறு கஞ்சியானது. பிறகு, "புள்ளைகள விட்டுட்டு வர முடியல, நீயே இங்கிட்டு வந்துரு இருளு," என்றாள். இருளாயி தெருப்புழுதியில் நகர்ந்து போய் அவர்கள் வீட்டு வாசலில் காத்திருந்தாள். அவள் பேருக்கு எழுதிய அரிசி தனியாகவா வரும்? ஒரே சாக்கில் வந்தது, ஒரே பானையில் வெந்தது. ராசாத்தியைக் குறை சொல்ல முடியாது. நாலு குழந்தைகள் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அகப்பை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சில நாள் இருளாயிக்கு வடித்த கஞ்சித்தண்ணீர்தான் மிஞ்சியது. அதில் உப்புகூடச் சரியாக இருக்காது.

புளிக் கூலிக்குத் தானியம் அளப்பதையும் ஊரார் நிறுத்திவிட்டார்கள். "ஒனக்குத்தான் சேவுகன் கார்டுல வருதே," என்றார்கள். அதுவும் நியாயம் மாதிரித்தான் இருந்தது.

இருளாயியின் அடுப்பில் பூனை படுத்துத் தூங்கியது. புளி தட்ட உட்கார்ந்தால் மனம் கண்மாய்க்குப் போகவில்லை. கண்ணை மூடினால் வெள்ளை வெள்ளையாகச் சோறுதான் வந்தது. சீ, இதுவும் ஒரு கனவா என்று இருந்தது அவளுக்கு.

ஒரு நாள் சேவுகனிடம் கேட்டாள்: "அண்ணே, எம் பங்கு அரிசியப் பச்சையாக் குடுத்துருங்க. நானே ஆக்கிக்கிறேன்."

சேவுகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்ன தாயி இப்புடிச் சொல்லிட்ட? கால் வெளங்காத தங்கச்சிக்கு ஒரு வாய் சோறு போட மாட்டாம அரிசியத் தூக்கி எறிஞ்சுட்டான்னு ஊரு என்னயக் காறித் துப்பாதா?"

அவன் மானம் அவள் பங்கு அரிசியோடு சேர்ந்து வெந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் அவனிடம் பேசிப் பிரயோசனம் இல்லை.

வைகாசியில் பிடிமண்ணுக்கு நாள் குறித்தார்கள். அந்தச் சேதி கேட்ட அன்றைக்கே இருளாயி வேப்பங்கட்டைகளை எடுத்துக்கொண்டு அம்பலம் வீட்டுக்குக் கிளம்பினாள். புழுதி நெருப்பாகக் கிடந்தது. உள்ளங்கை மட்டும்தான் கட்டையின் மேல் இருந்தது, மற்றதெல்லாம் வெந்தது. வாசலில் அவளைப் பார்த்ததும் அம்பலம் பதறிக்கொண்டு எழுந்து வந்தார்.

"சொல்லி அனுப்புனா நானே வந்திருப்பேன்ல ஆத்தா?"

"இந்தத் தடவ நானும் பிடிமண் போடுறேங்கய்யா. என்னயும் ஒரு தலைக்கட்டா வச்சுக்கங்க."

அம்பலம் தலையைச் சொறிந்தார். "சாமி ஒங்கிட்ட கேக்கலியே ஆத்தா. ஒன்னய மாதிரி உள்ளவுககிட்டயும் கேட்டா அது என்ன சாமி?"

"கேக்கச் சொல்லுங்கய்யா."

"என்னது?"

"மண்ணு கேளுங்க. வரி கேளுங்க. கண்மாய் வெட்டுக்கு ஆள் கேளுங்க, நான் உக்காந்தே மண்ணு அள்ளி வைக்கிறேன். எல்லார்கிட்டயும் கேக்குறத எங்கிட்டயும் கேளுங்க."

வெயில் இவள் தலைக்கு ஏறிவிட்டது என்று அம்பலம் நினைத்தார். உள்ளே குரல் கொடுத்து மோர் கொண்டுவரச் சொன்னார். "மொதல்ல இதக் குடி ஆத்தா. அப்பறம் பேசலாம்."

இருளாயிக்குத் தாகம். குடித்தாள். குடிக்கக் குடிக்க அம்பலத்தின் முகம் மலர்வதை லோட்டாவின் விளிம்புக்கு மேலாகப் பார்த்தாள். கோயிலில் தீபாராதனை பார்த்துவிட்டு வருகிறவர் முகம் மாதிரி இருந்தது. ஒரு லோட்டா மோரில் இந்த மனுஷருக்கு இத்தனை சந்தோஷமா? அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவர் கொடுக்கிறார், நான் வாங்கிக்கொள்கிறேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். வாங்கிக்கொள்வதும் ஒரு கொடைதான் போலிருக்கிறது. அது இல்லாமல் இவருக்கு ஆகாது.

லோட்டாவைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைகளை எடுத்துக்கொண்டு திரும்பினாள். அவள் சமாதானமாகிவிட்டாள் என்று அம்பலம் நினைத்துக்கொண்டார்.

பிடிமண் அன்று காலையிலேயே கண்மாய்க் கரை நிறைந்துவிட்டது. தண்ணீர் நடுவில் ஒரு கண்ணாடித் துண்டளவுக்கு ஒடுங்கிக் கிடந்தது. ஓரத்து ஈரமண்ணை வெட்டிக் குவித்திருந்தார்கள். மூக்கன் வேளார் குளித்து, ஈர வேட்டியோடு, கூடையை முன்னால் வைத்துக்கொண்டு நின்றார். கார்டு சரிபார்க்க வந்திருந்த ஆபீசரை அம்பலம் பெருமையாக அழைத்துவந்து நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார். ஆபீசர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி இருந்தார்.

அம்பலம் முதல் கஞ்சியைப் பட்டையில் ஊற்றி, இரண்டு கையாலும் ஏந்தி, இருளாயிக்கு முன்னால் நீட்டினார். கூட்டம் அடங்கியது.

இருளாயி கை நீட்டவில்லை.

"எனக்கு வேண்டாங்கய்யா."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் கரையின் அந்தக் கோடி வரைக்கும் போய்விட்டது அந்தச் சொல். மரத்தில் புறா குனுகுவது நின்றது போலிருந்தது. கானல் அசைந்தது, அதற்குள் நின்ற ஆட்களும் தண்ணீருக்கு அடியில் நிற்கிறவர்களைப் போல மெல்ல அசைந்தார்கள். இருளாயிக்குப் பயமில்லை. பகலில் விழித்துக்கொண்டே கனவு கண்டு பழகியவளுக்கு இதுவும் அப்படித்தான் இருந்தது.

"ஏன் ஆத்தா, சுடுதா?"

"இல்லங்கய்யா. இது கதியில்லாதவ குடிக்கிற கஞ்சி. எனக்குக் கதி இருந்துச்சு. ஒரு வீடு இருந்துச்சு, ஒரு அடுப்பு இருந்துச்சு. கணக்குல அது இல்லேன்னு ஆயிருச்சு."

அம்பலம் பட்டையைப் பிடித்தபடியே குனிந்தார். "நான் ஒனக்கு என்ன கொறை வச்சேன்?"

"ஒரு கொறையும் வைக்கலங்க. குடுத்துக்கிட்டேதான் இருந்தீங்க. எங்கிட்ட ஒரு நாளும் ஒண்ணும் கேட்டதில்ல. கேக்காத வீடு கணக்குல வராதுன்னு இப்பத்தானே தெரியுது."

கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. உச்சிப்பொழுதுக்கு முன்னால் மண் விழுந்தாக வேண்டும். கஞ்சி இறங்காமல் மண் விழக்கூடாது. யாரோ ஒருவர், "நாகராசு இருக்கானே, அவனக் குடிக்கச் சொன்னா என்ன?" என்றார்.

நாகராசு கோலை ஓங்கிவிட்டான். "எவன்டா அது? நான் தலைக்கட்டுடா! நான் கதியத்தவனா?"

அப்புறம் ஊரின் கண்கள் ஒவ்வொரு பக்கமாகத் தேடின. கடைசியில் எல்லாக் கண்களும் ஒரே இடத்தில் போய் நின்றன. அங்கே முனியாயி நின்றாள். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு காது கேளாத, பேச்சு வராத அவளுடைய சின்ன மகள் நின்றாள். முனியாயி பிள்ளையைச் சடாரென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எம்மக வேணாங்க," என்றாள். "அய்யா, ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன். எம்மகளுக்கு அதக் குடுத்துறாதீங்க."

அம்பலம் கையில் பட்டையோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷமும் அந்தக் கஞ்சியை ஒரு மரியாதை என்றே அவர் நம்பியிருந்தார். சத்தியமாக நம்பியிருந்தார். மரியாதை என்றால் பெற்றவள் ஏன் பிள்ளையை இப்படி ஒளிக்கிறாள்? அவர் முகத்தில் ஈயாடவில்லை.

பிறகு இருளாயி பக்கம் திரும்பி, "மண்ண எடுத்துக்க ஆத்தா," என்றார்.

சேவுகன் முன்னால் வந்தான். "அய்யா, பொம்பளை கை மண்ணு..."

"நாகராசு போடுற மண்ண அள்ளுறது யாரு?" என்று அம்பலம் அவன் பக்கம் திரும்பாமலே கேட்டார். சேவுகன் பின்னால் நகர்ந்துகொண்டான்.

"அதெல்லாஞ் சரிங்க," என்றார் மூக்கன் வேளார். "கஞ்சி எறங்காம நான் கூடையத் தொட முடியாதே. இந்தத் தாயி இனி தலைக்கட்டு, குடிக்கக் கூடாது. அப்ப யாரு குடிக்கிறது?" அவர் கண்ணைச் சுருக்கி நிழல் பக்கம் பார்த்தார். "இந்த ஊர்ல வீடும் அடுப்பும் இல்லாதவரு இன்னொருத்தரு இருக்காருல்ல?"

எல்லாரும் திரும்பி ஆபீசரைப் பார்த்தார்கள்.

ஆபீசருக்கு நடந்தது பாதிதான் விளங்கியிருந்தது. ஆனால் நாக்கு வறண்டு கிடந்தது. அம்பலம் தயங்கித் தயங்கிப் பட்டையை நீட்டியதும், மனுஷர் இரண்டு கையாலும் வாங்கி, ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சிவிட்டார். "என்ன சொல்லணும்?" என்று கேட்டார். சொல்லிக்கொடுத்தார்கள்.

"ஊர் நிறையட்டும்," என்றார் மீசையில் கஞ்சியோடு.

பெண்கள் குலவை போட்டார்கள். சிரிப்பும் குலவையுமாகக் கரை அதிர்ந்தது. அத்தனை வருஷத்தில் பிடிமண் அன்று ஊர் இப்படிச் சிரித்ததில்லை.

ஒவ்வொருவராகப் போட்டார்கள். இருளாயியின் முறை வந்தது. கட்டைகளைக் கீழே வைத்துவிட்டு, குவியலில் கையை விட்டாள். மண் உள்ளே குளுகுளுவென்று இருந்தது. விரல் இடுக்கெல்லாம் பிதுங்க ஒரு பிடி எடுத்தாள். மூக்கன் வேளார் கூடையைத் தாழ்த்திப் பிடித்தார். மற்ற மண் விழுந்த சத்தம் மாதிரியேதான் அதுவும் விழுந்தது. ஒரு வித்தியாசமும் இல்லை. அதைக் கேட்டபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொள்ளாமல் அழுதாள்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலையும்போது அம்பலம் ஆபீசரிடம் போனார். "எங்க ஊர்ல ஒரு வீடு கூடிருக்குங்க. எழுதிக்கங்க."

ஆபீசர் சங்கடமாக நெளிந்தார். "இப்ப எப்படிங்க? தர்பார் உத்தரவே ஆயிடுச்சு. தலைக்கட்டுக்குத்தான் கார்டு. நீங்க அன்னைக்குச் சொன்னதைத்தானே நான் எழுதி அனுப்பினேன்?"

"நான் சொன்னதா?"

"நீங்க சொன்னதுதான். எல்லா ஊர்லயும் அதையேதான் சொன்னாங்க."

அம்பலம், தம் வீட்டு வாசலில் தாமே கட்டிய வேலியில் வேட்டி மாட்டிக்கொண்ட மனுஷரைப் போல நின்றார்.

"அய்யா," என்று கீழேயிருந்து இருளாயியின் குரல் வந்தது. கையில் மண் இன்னும் காயவில்லை. "உத்தரவுல என்ன இருக்கு? ஊரு வழக்கப்படின்னுதானே இருக்கு? ஊரு வழக்கம் என்னன்னு இப்ப ஒங்க கண்ணால பாத்தீங்கல்ல?"

ஆபீசர் அவளைக் குனிந்து பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடி பேசினால் அவள் முகம் தெரியாது என்று, எழுந்து வந்து மண்ணிலேயே குத்தவைத்து உட்கார்ந்தார். அந்த ஊர்க் கஞ்சி அவர் வயிற்றுக்குள் இருந்தது. அதுவும் சேர்ந்து பேசியிருக்கும்.

"உங்க வீட்ல எத்தனை பேரும்மா?" என்று கேட்டார்.

"ஒருத்திங்க."

"இந்த ஊருக்கு மட்டுந்தான் நான் செய்ய முடியும்," என்றார் அவர். "வேற ஊர் வழக்கமெல்லாம் என் கையில இல்ல."

ஆனி கடைசியில் கார்டு வந்தது. ஆடி பிறந்ததும், சந்தைக்குப் பானை ஏற்றிப்போகும் மூக்கன் வேளாரின் வண்டியில் வைக்கோலுக்கு நடுவே உட்கார்ந்து இருளாயி அன்னவாசல் அரிசி டிப்போவுக்குப் போனாள். வழியெல்லாம் பானைகள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுவென்று பேசிக்கொண்டே வந்தன. அவளுக்குப் பாதி தூக்கம், பாதி விழிப்பு. மடியில் கார்டு இருக்கிறதா என்று மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மிளகாய் எவ்வளவு கிள்ளிப் போடலாம் என்று யோசித்தாள்.

டிப்போவில் வரிசை நீளமாக இருந்தது. அவள் முறை வந்ததும் அளக்கிறவர் மேலே பார்த்தார், யாரையும் காணோம். எட்டிக் கீழே பார்த்தார்.

"ஆம்பளை யாரும் வரலையா?"

"கார்டுல பேரு உள்ளவ வந்திருக்கேன். அளங்க."

அவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார். பிறகு அளந்தார். அரிசி பைக்குள் இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் முகத்தை இந்தப் பக்கம் திருப்பினாள். கண் தெரியாதவள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை கிடந்தது. பக்கத்து ஊர்க்காரி, செபமாலை என்று பெயர். கார்டு வைத்திருக்கும் தன் அண்ணன் வருவதற்காகக் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தாள்.

"அது ஒங்க பேர்ல உள்ள கார்டாக்கா?" என்று கேட்டாள்.

"என் பேர்லதான்."

"எப்புடி? எங்க ஊர்ல பொட்டச்சிக்குக் கெடையாதுன்னுட்டாங்க. அதுலயும் கண்ணு இல்லாதவளுக்கு எதுக்குன்னாங்க. நல்லாத்தான் பாத்துக்குறாங்க, கொறை சொல்லக் கூடாது..."

இருளாயி அரிசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நகர்ந்து போனாள். அந்தப் பேச்சு அவளுக்கு மனப்பாடம்.

"அது கெடக்கட்டும். ஒங்க ஊரு ஒங்கிட்ட இருந்து என்ன வாங்கிக்குது?"

"எங்கிட்டயா? எங்கிட்ட என்னக்கா இருக்கு வாங்க?"

"ஏதாச்சும் ஒண்ணு இருக்கும். நீ இல்லாம அவங்களுக்கு ஆகாதது. நல்லா யோசிச்சுப் பாரு."

செபமாலை யோசித்தாள். டிப்போவுக்குள் அரிசி அளக்கும் படி ஏறி இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தெருவில் ஒரு மாடு கழுத்து மணியை ஆட்டிக்கொண்டு போனது.

"வெதைப்புக்கு மொதப்பிடி நெல்ல எங்கையிலதான் வாங்குவாங்க," என்றாள் மெதுவாக. "எங்கையில வாங்குனா வெள்ளாமைக்குத் திருஷ்டி படாதாம். நான் எடுத்துக் குடுக்காம எங்க ஊர்ல ஒருத்தரும் வயல்ல எறங்க மாட்டாங்க." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

இருளாயி அரிசிப் பையின் வாயைச் சுருட்டிக் கட்டினாள்.

"அக்கா," என்றாள் செபமாலை, "வர்ற வெள்ளிக்கெழமைதான் எங்க ஊர்ல வெதைப்பு."